பாடம் பதினேழு, நாலாவது பத்தி

ஆவுடைத்தாய் மாசமாக இருக்கிறாள் என்ற சேதி முதலில் மாவு மில்லுக்குத்தான் வந்தது. அவள் புருஷன் சங்கரபாண்டியன் வத்தல் அரைத்துக்கொண்டிருந்தார். கை முழுக்கக் காரம். சட்டைப்பையில் கிடந்த போனை வாசிக்கச் சொன்னார். அது மில்லில் தூக்குவாளியோடு நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று வாசித்தது.

"உங்கள் குடும்ப உறுப்பினர் ஆவுடைத்தாய் கருவுற்றிருக்கக்கூடும். அவரிடம் அன்பாகப் பேசுங்கள். இப்படிக்கு, நூல்விழி, பொது நூலகச் சேவை."

ஆவுடைத்தாய்க்கு வயது ஐம்பத்து நாலு. பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று.

சங்கரபாண்டியன் நூலகத்துக்கு போன் போட்டார். "ஏ புள்ள, எனக்குத் தெரியாம என்ன காரியம் பண்ணிட்ட?"

"சிரிக்காதீக. இன்னும் வரும். அடுத்து துபாய்க்கு ஓடப் போறேன்னு வரும். பதறிராதீக."

"போறதுதான் போற, சோத்தை வடிச்சு வெச்சுட்டுப் போ."

சிரிக்கிற விஷயமா இது என்று கேட்டால், இல்லவே இல்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் இது ஒரு வீங்கிய மணிக்கட்டில் ஆரம்பித்தது.

நல்லமுத்தூர் கிளை நூலகத்துக்கு ஆவுடைத்தாய்தான் நூலகர், அவளேதான் பெருக்குகிறவள், அவளேதான் பூட்டுகிறவள். அங்கே இருந்த காகிதப் புத்தகங்களை எல்லாம் மாவட்டச் சேமிப்புக் கிட்டங்கிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு நாற்பது வாசிப்புப் பலகைகளை இறக்கினார்கள். அப்பளம் மாதிரி மெல்லிசு. ஒவ்வொரு பலகைக்குள்ளும் நாலு லட்சம் புத்தகம். பெருவிரலை வைத்தால் திறக்கும். கேட்டதைக் கொடுக்கும். எழுத்தைப் பெரிசாக்கும், வாசித்தும் காட்டும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அச்சில் நின்றுபோன பழைய புத்தகத்துக்கு இரண்டு வருஷம் எழுதிப் போட்டுக் காத்திருந்தவள் அவள். அது இப்போது கண்ணிமைக்கிற நேரத்தில் வந்து நின்றது. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பலகைகளை ஆட்டிவைப்பது நூல்விழி என்கிற ஏற்பாடு. அதைப் பழக இருபத்திரண்டு பாடம், கடைசியில் ஒரு பரீட்சை. ஐம்பது தாண்டினவர்களுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது, பரீட்சையில் தவறினால் கிட்டங்கிக்கு மாற்றிவிடலாம் என்று மாவட்ட அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. அது காதில் விழுந்த அன்றைக்குத்தான் ஆவுடைத்தாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏறாதாமே! ஏத்திக் காட்டுதேன்."

முதல் வாரம் அவள் பட்ட பாடு நாய் படாது. நூல்விழிக்கு ஏட்டுத் தமிழ் மட்டுந்தான் விளங்கும். பலகை திறக்காத கோபத்தில் "ஏ மூதி, தொற!" என்றாள். "மூதி என்ற தலைப்பில் நூல் எதுவும் இல்லை" என்று அது மரியாதையாகப் பதில் சொன்னது. விடுவாளா? விடிகாலையில் அடுப்பில் உலை கொதிக்கும்போது ஒரு பாடம், சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் ஒரு பாடம். எதையும் அட்டை முதல் அட்டை வரை படிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. யாரும் படிக்காத அடிக்குறிப்பைக்கூட டைரியில் எழுதி மனப்பாடம் செய்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மாவட்டத்திலேயே இரண்டாவது.

பரீட்சை முடிந்த கையோடு இருநூறு வாசகர்களைப் பதியச் சொன்னார்கள். ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். அவள் நாலே நாளில் முடித்தாள். பெயர், பெருவிரல், கடைசியாக 'அக்கறைத் தொடர்பு' என்று ஒரு கட்டம். ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் இருந்த குடும்பத் தலைவர் நம்பரை எழுதிக்கொண்டே போனாள். அந்த ஊரில் பள்ளிக்கூடமானாலும் பாங்க்கானாலும் கேஸ் சிலிண்டரானாலும், போன் நம்பர் என்று எவன் கேட்டாலும் அதைத்தான் எழுதுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. கை தன்னால் எழுதும்.

அந்த இருநூறில் ஒருத்தி செண்பகம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டு அடுக்குகிறவள், முப்பத்தோரு வயசு. புதன்கிழமை அரை நாள் லீவு என்றால் நேரே நூலகத்துக்கு வந்து மூலை மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு புதன்கிழமை அவள் வரவில்லை. அடுத்த புதன்கிழமை வந்தாள், உட்காரவில்லை.

"அக்கா, என் பேரை அடிச்சுருங்க."

"ஏன்டி, என்னாச்சு?"

"வீட்டு வன்முறைச் சட்டம் படிச்சேன்லா, அதை இது அவருக்குச் சொல்லிருச்சு." செண்பகம் மனப்பாடமாக ஒப்பித்தாள். "'உங்கள் குடும்ப உறுப்பினர் செண்பகம் சில நாட்களாக மனக்கவலை தரும் பக்கங்களைப் படித்துவருகிறார். அவரிடம் அன்பாகப் பேசுங்கள்.' அவரும் அன்பாத்தான் பேசுனாருக்கா."

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். வளையல் இறங்காத அளவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

ஆவுடைத்தாய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். சோலைராஜ், அதுதான் செண்பகத்தின் புருஷன், அவன் நம்பரைக் கட்டத்தில் எழுதியது யார்? இவள்தான். அதுவும் என்ன வேகமாக, என்ன பெருமையாக எழுதினாள்! பாடம் எட்டில் 'அக்கறைச் செய்தி' என்று ஒரு தலைப்பு இருந்ததும், அதற்கு அவள் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியதும் அப்போது ஞாபகம் வந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை பலகைகளைச் சரிபார்க்க லூர்துராஜ் வந்தார். மாவட்டத்துக்கே அவர்தான் தொழில்நுட்ப ஆள். நாற்பத்தைந்து வயசு, எதற்கெடுத்தாலும் 'மேடம்', தப்பானவர் இல்லை. ஆவுடைத்தாய் டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, செண்பகத்தின் கை வீங்கின கதையைச் சொன்னாள்.

"சார், ஒரு நம்பரை மாத்தணும்."

"மாத்தலாம் மேடம். பழைய நம்பருக்குத் தகவல் போகும். அவங்க சரின்னு சொல்லணும்."

"கம்பு எவன் கையில இருக்கோ அவன்கிட்டயே சம்மதம் கேக்கணுமா? சரி, பேரையே எடுத்துட்டா?"

"அதுக்கும் தகவல் போகும். 'வாசிப்பிலிருந்து விலகிவிட்டார், அன்பாகப் பேசுங்கள்'னு."

"நாசமாப் போச்சு."

லூர்துராஜ் டீயை ஆற்றிக்கொண்டே விளக்கினார். "இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல மேடம். நாம எந்தப் பக்கத்துல எத்தனை நேரம் நிக்கிறோம், எந்த வரிக்குத் திரும்பத் திரும்பக் கண்ணு போகுதுன்னு பலகை கவனிக்கும். மனசு எங்க கிடந்து தவிக்குதுன்னு அதுல தெரிஞ்சுரும். யார் கண்ணுன்னு அதுக்குத் தெரியாது. பெருவிரல் யாருதோ அவங்க பேர்ல எழுதிக்கும். தொடர்பு நம்பரைக் குடும்ப அட்டையோட கோத்திருக்கு. அந்தம்மா பேர்ல தனி அட்டை வந்தா அன்னிக்கே தானா மாறிரும்."

"தனி அட்டைக்கு என்ன வேணும்?"

"பிரிஞ்சு இருக்காங்கன்னு ஆதாரம் வேணும். கோர்ட் உத்தரவு இருந்தா நல்லது."

"அந்த உத்தரவை எப்படி வாங்குறதுன்னுதான சார் அவ இங்க வந்து படிச்சா!"

லூர்துராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "போன வருஷம் ஒரு காலேஜ் பையன் மேடம். ராத்திரியும் பகலும் சாகுறதைப் பத்தியே படிச்சிருக்கான். இது அவங்க அப்பாவுக்குச் சொல்லி, அவர் ஓடிப்போய்க் கதவை உடைச்சுக் காப்பாத்துனாரு. அந்த அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அதையும் நான் பாத்திருக்கேன்."

ஆவுடைத்தாய்க்கும் பிள்ளைகள் உண்டு. அதை அவளால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

"அந்தப் பையன் பிழைச்சது நல்லது சார். நல்லா இருக்கட்டும். அவனுக்கு அப்பா வாய்ச்சாரு, இவளுக்குச் சோலைராஜ் வாய்ச்சிருக்கான். யாருக்குச் சொல்லட்டும்னு ஒரு வார்த்தை இது கேட்டுச்சா? நான் கேட்டேனா? ஆடு நனையுதுன்னு ஓநாய்க்குத் தகவல் கொடுத்துக்கிட்டிருக்கோம் சார் நாம."

"நான் என்ன மேடம் பண்ண முடியும்? பொருத்தச் சொன்னாங்க, பொருத்துறேன்." எழுந்து பையை மாட்டிக்கொண்டவர் வாசலில் நின்றார். "அந்தம்மா கை இப்ப எப்படி இருக்கு?"

"வீக்கம் வத்திருச்சு. வேற ஒண்ணும் வத்தலை."

அந்த வாரம் முழுக்க ஆவுடைத்தாய் இருபத்திரண்டு பாடங்களையும் முதலிலிருந்து மறுபடி படித்தாள். போன தடவை மார்க்குக்காகப் படித்தது. இந்தத் தடவை ஓட்டை தேடிப் படித்தாள். பாடம் பதினேழு, நாலாவது பத்தியில் அது கிடைத்தது. 'நூலகப் பணியாளர், மதிப்பாய்வின் பொருட்டு, எத்தனை பலகைகளையும் ஒரே நேரத்தில் தம் பெருவிரலால் திறந்துகொள்ளலாம்.' பரீட்சையில் வந்த கேள்விதான். சரியாகவும் எழுதியிருந்தாள். எழுதினாளே ஒழிய அதன் அர்த்தம் இன்றைக்குத்தான் உறைத்தது.

தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கே போய்ச் செண்பகத்தைக் கூப்பிட்டாள். "புதன்கிழமை வா."

"வேண்டாங்க்கா. விரல் வெச்சா வீட்டுல தெரிஞ்சுரும்."

"உன் விரல் யாருக்குடி வேணும்? என் விரல் இருக்குல்லா."

செண்பகம் வந்தாள். ஆவுடைத்தாய் தன் பெருவிரலால் பலகையைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். செண்பகம் விட்ட இடத்திலிருந்து படித்தாள். பாதுகாப்பு மனு எழுதுவது எப்படி, யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் விசாரிப்பார்கள், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், புது அட்டை. ஒரே வரியை நாலு தடவை படித்தாள். நூல்விழி அந்தத் தவிப்பை எல்லாம் ஆவுடைத்தாய் பேரில் குறித்துக்கொண்டது. சங்கரபாண்டியன் போனுக்குச் செய்தி வந்தது. அவர் அன்பாகப் பேசினார்: "விவாகரத்து பண்ணாலும் மில்லுக்குச் சாப்பாடு வந்துரணும், சொல்லிட்டேன்."

இந்த மாதிரி விஷயம் ஊரில் ஒளிந்தா கிடக்கும்? செண்பகம் தன் கூட்டாளிக்குச் சொன்னாள், அவள் நாத்தனாருக்குச் சொன்னாள். மாமியாருக்குத் தெரியாமல் பிரசவப் புத்தகம் படிக்க ஒருத்தி வந்தாள். நாலு தடவை குழந்தை தங்காதவள் அவள். மூன்று மாசம் தாண்டாமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்று பயந்து கிடந்தாள். வெளிநாட்டுக்கு ஓட வழி தேடி ஒருத்தன், ஊர்க்காரன் கண்ணில் படாமல் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்க ஒருத்தன், வேறு மதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு பெரிய மனிதர். எல்லோருக்கும் ஒரே பெருவிரல். ஒரு சமயத்தில் பதினோரு பலகைகளை அவள் திறந்துவைத்தாள்.

வேடிக்கையாக மட்டும் இது இருக்கவில்லை. ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர் பொன்னுச்சாமி, பெஞ்சாதி செத்து ஆறு மாசம், பலகையில் கேட்ட புத்தகங்களை ஆவுடைத்தாய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தண்ணீரில் மூழ்குவதைப் பற்றி. இயந்திரத்தின் வாயை அடைத்தவள் அவள்தானே, இனி அந்த அக்கறையை அவள்தான் சுமக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அண்ணாச்சி, கெணத்துல குதிக்க யோசனையா?" அவர் வெறித்துப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். யாருக்குச் சொல்லட்டும் என்று கேட்டாள். மகனுக்கு வேண்டாம், தங்கச்சிக்குச் சொல்லுங்கள் என்றார். தங்கச்சி அடுத்த பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தாள். இப்போது தினமும் காலையில் அவர்தான் நூலகத்தில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறார், அதுவும் இரங்கல் விளம்பரத்தை மட்டும் தாண்டிவிட்டு.

நாலு மாசத்தில் நூல்விழி திணறிவிட்டது. ஒரே மணி நேரத்தில் பதினோரு புத்தகம் படிக்கிற ஆவுடைத்தாயை மாவட்டத்தின் தலைசிறந்த வாசகர் என்று அறிவித்துச் சான்றிதழ் அனுப்பியது. அதே நாளில், இவர் மனநிலை மிகக் கவலைக்கிடம் என்று அலுவலகத்துக்கும் எழுதியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா சத்து மாத்திரையோடு வந்து, நரைத்த தலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாள். மாத்திரையை ஆவுடைத்தாய் சேர வேண்டியவளிடம் சேர்த்தாள்.

பிறகு மெமோ வந்தது. நேரில் ஆஜராக வேண்டும்.

மாவட்ட நூலக அலுவலர் பூபாலன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு தாளை வாசித்தார். பக்கத்தில் லூர்துராஜ் தலையைக் குனிந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கர்ப்பம். விவாகரத்து. மதமாற்றம். குரூப் ஃபோர். தற்கொலை எண்ணம். துபாயில் வெல்டிங் வேலை. இதெல்லாம் நீங்களாம்மா?"

"நான்தான் சார்."

"விளையாடுறீங்களா? யாருக்கெல்லாம் திறந்து கொடுத்தீங்க? பட்டியல் கொடுங்க, விட்டுர்றேன்."

"எனக்கு வேலை உத்தரவு கொடுத்த அன்னிக்கு, வாசகர் என்ன படிக்கிறாங்கன்னு வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு இதே ஆபீஸ்லதான் சொன்னாக. அந்த உத்தரவை யாரும் ரத்து பண்ணலையே சார்."

"எல்லாம் வேண்டாம். அந்த விவாகரத்துப் புத்தகம். படிச்சது செண்பகம்தானான்னு மட்டும் சொல்லுங்க. அவ புருஷன் சோலைராஜ் இங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்கான். பொண்டாட்டி படிக்க வராளான்னு அவனுக்குத் தெரியணுமாம்."

ஆவுடைத்தாய்க்குப் பென்ஷன் வர இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. சஸ்பெண்ட் என்றால் எல்லாம் போச்சு. அதே சமயம் செண்பகத்தின் மனு கோர்ட்டில் ஏறி அன்றைக்கு ஒன்பதாம் நாள். உத்தரவு வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அந்த மணிக்கட்டோடு நிற்காது.

"அதைப் படிச்சது நான்தான். வேணும்னா கேள்வி கேளுங்க, பிரிவு வாரியாச் சொல்லுதேன். மதிப்பாய்வுக்கு எத்தனை பலகை வேணாலும் திறக்கலாம்னு பாடம் பதினேழு, நாலாவது பத்தி சொல்லுது. நீங்க வெச்ச பரீட்சை சார். தொண்ணூத்தாறு வாங்கியிருக்கேன்."

"சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் ஆகிட்டிருக்கும்மா."

"ஆகட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? என்னை அனுப்பிட்டு வேற ஆளைப் போடுங்க. அவுகளுக்கும் பெருவிரல் இருக்கும்ல."

பூபாலன் லூர்துராஜ் பக்கம் திரும்பினார். "இந்த வாரக் கவலைப் பட்டியலை எடுங்க. இவங்க பேரைத் தனியா அச்செடுத்து ஆர்டரோட சேர்த்துரலாம்."

லூர்துராஜ் மடிக்கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பிவைத்தார். "தனியா எடுக்க முடியலை சார்."

பட்டியல் நீளமாக இருந்தது. மாவட்டத்தில் முப்பத்தேழு நூலகர்கள் கருவுற்றிருந்தார்கள். அதில் பதினாலு பேர் ஆண்கள். ஒருத்தர் வருகிற மாசம் ஓய்வு பெறுகிறவர். அவருக்கு இரட்டைக் குழந்தை என்று நூல்விழி ஊகித்திருந்தது.

ஆவுடைத்தாய் வாயைப் பிளந்துவிட்டாள். அவள் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பூபாலன் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். முப்பத்தேழு பேரை சஸ்பெண்ட் செய்தால் சென்னைக்கு எழுத வேண்டும். எழுதினால் பதினாலு ஆண்களின் கர்ப்பத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போய் நூலகத்தைத் திறங்கம்மா" என்றார். "ஃபைல் பரிசீலனையில இருக்கட்டும்."

படியிறங்கும்போது லூர்துராஜ் பின்னாலேயே வந்தார். ஆவுடைத்தாய் நின்று கேட்டாள். "பதினேழாம் பாடத்தை யாரு சார் எல்லாருக்கும் சொன்னது?"

"எல்லா நூலகரும் பாடங்களைத் திரும்பப் படிக்கணும்னு சுற்றறிக்கை விட்டது ஆபீஸ்தான் மேடம்" என்றார் லூர்துராஜ், எங்கேயோ பார்த்தபடி. "நான் பக்க எண் மட்டும் போட்டேன்."

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை செண்பகம் வந்தாள். உத்தரவு கிடைத்துவிட்டது. கையில் ஒரு புது ரேஷன் கார்டு. அதை மேஜையில் வைத்து, "என்னைப் புதுசாப் பதியுங்கக்கா. என் விரல்லயே படிக்கணும்" என்றாள். நூல்விழி எங்கேயும் போய்விடவில்லை. பரிசீலனையில் இருக்கிற ஃபைலோடு அதுவும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆவுடைத்தாய் புது அட்டையின் பேரில் செண்பகத்தைப் பதிந்தாள். பெருவிரலை வாங்கினாள். 'அக்கறைத் தொடர்பு' கட்டம் வந்தது. புது அட்டையில் இருந்த நம்பரை அது தானாகவே நிரப்பிவைத்திருந்தது. ஆனாலும் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டாள்.

"யார் நம்பர் போடட்டும்? நீ சொல்லு."

செண்பகம் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். குடும்பத் தலைவர்: செண்பகம். "என் நம்பரே இருக்கட்டும்க்கா. நான் கவலைப்பட்டா எனக்கே சொல்லட்டும்."

அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் படித்தாள். வாடகை வீடு, நர்ஸிங் உதவியாளர் படிப்பு, பெண் தனியாக இருந்தால் என்னென்ன தொல்லை வரும், எல்லாம். சாயங்காலம் அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஆவுடைத்தாய் பதறி எழுந்து போனாள்.

செண்பகம் சிரித்துக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் நீட்டினாள்.

'உங்கள் குடும்ப உறுப்பினர் செண்பகம் சில நாட்களாக மனக்கவலை தரும் பக்கங்களைப் படித்துவருகிறார். அவரிடம் அன்பாகப் பேசுங்கள்.'

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் செண்பகம், அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.